மலைநாட்டுத் தோட்டங்களும் பத்திரிகையாளர் கடமையும்

பத்திரிகை என்பது ஒரு மக்கட் கூட்டம் தன் நிலையைத் தானே காணும் கண்ணாடி என்பர். ஆயின், அக்கண்ணாடி எவர் கையில் உள்ளது, எவர் முகத்தை நோக்கிப் பிடிக்கப்படுகின்றது என்னும் வினாக்களை எழுப்பாது பத்திரிகைத் தொழிலின் பெருமையைப் பேசுதல் பயனற்றதாம். இவ்வுண்மைக்கு இலங்கை மலைநாட்டின் வரலாறு தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 6200 அடி உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது அங்குள்ளதே. கொழும்பில் அச்சாகும் பத்திரிகை மலையேறி அவ்வூரை அடைந்துவிடும். ஆனால், அத்தகைய மலைத்தோட்டங்களின் செய்தி கீழிறங்கிக் கொழும்பை அடைவது அத்துணை எளிதாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்குசன் குடும்பத்தார் நடத்திய 'சிலோன் ஒப்சேவர்' தோட்டத் துரைமாரின் நலனுக்காக வன்மையாக வாதாடிற்று. அத்தகைய பார்வையில் கொழுந்து பறிப்போர் கணக்கேட்டின் ஒரு வரியாயினரேயன்றிப் பேசும் மாந்தராகத் தோன்றினாரல்லர்.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் முதன்மையானவர் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர். 1921 இல் 'தேசநேசன்', 1924 இல் 'தேசபக்தன்' எனப் பத்திரிகைகளை அவர் நடத்தினார். தோட்டத்துள் அயலார் நுழைதற்கு அனுமதி கிடையாத காலம் அது. புடவை வியாபாரியாக வேடமிட்டு அவர் லயங்களுக்குட் சென்றார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். செய்தி தன்னைத் தேடி வரும் எனக் காத்திராது, செய்தி உள்ள இடத்துக்குத் தானே செல்லுதல் பத்திரிகையாளனின் முதற்கடமை என்பதை இச்செயல் உணர்த்துகின்றது.

ஆயினும், சென்று காண்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அக்காலத்தில் லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒன்றாகவே இருந்தன. பற்றுச்சீட்டு அவன் கையில் கொடுக்கப்பட்டால் குடும்பம் கூரையை இழந்தது. எனவே, அவன் கூறியதை வெளியிடுவோன் அவன் பெயரைக் காத்தல் வேண்டியிருந்தது. உண்மையை வெளிப்படுத்தும் கடமையும், உண்மை உரைத்தவனைக் காக்கும் கடமையும் ஒன்றோடொன்று மோதும் இடம் இதுவே. ஒன்றற்காக மற்றதைக் கைவிடுவோன் இரண்டையும் இழப்பான்.

நடேசய்யர் பணியில் ஆராயத்தக்க பிறிதொரு சிக்கலும் உண்டு. அவர் பத்திரிகையாளர் மட்டுமல்லர், தொழிற்சங்கத் தலைவருமாவார், 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையில் அமர்ந்தவருமாவார். தலைவரும் ஆசிரியரும் ஒருவரேயாயின், தலைவரின் பிழையைச் சுட்டுவோர் யார்? இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. எனினும், நடுநிலை பேசிய பலர் மலையேறாதிருந்த காலத்தில், சார்புடைய ஒருவரே அங்குச் சென்றார் என்பதையும் மறத்தலாகாது. சார்பை மறைத்தலே குற்றம். அதனை வெளிப்படக் கூறிச் செய்தியிற் பிழை நேராது காத்தல் குற்றமாகாது.

1930 இல் 'வீரகேசரி'யும் 1932 இல் 'தினகர'னும் தோன்றிய பின் தமிழ் வாசகர் தொகை பெருகிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. வாக்கிழந்தோர்க்கு எஞ்சியிருந்த மன்றங்களுட் பத்திரிகையும் ஒன்றாயிற்று. 1964 இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. இவ்வெண்களைப் பிழையின்றி அச்சிடுதல் ஒரு கடமை. ஓர் எண்ணுக்குள் அண்ணனும் மற்றோர் எண்ணுக்குள் தம்பியும் அடங்கக்கூடும் என்பதை வாசகருக்கு உணர்த்துதல் அதனினும் பெரிய கடமை. அறுபதுகளில் 'வீரகேசரி'யின் 'தோட்ட மஞ்சரி' வாயிலாக எஸ். எம். கார்மேகம் மலைநாட்டு எழுத்தாளரை ஊக்கியமை இவ்வகையிற் போற்றற்பாலது. பிறர் எழுதப் பொருளாயிருந்தோர் தாமே எழுதுவோராயினர்.

இன்றும் அச்சவால் தீர்ந்தபாடில்லை. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா என அறிவிக்கப்பட்டது. தலைப்புச் செய்தி அவ்வளவில் நின்றுவிடலாம். ஆனால், நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை எவ்வளவு, அது குறைந்தால் அரைப்பேர் போடப்படுமா, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பவற்றைக் கேட்டறியாத செய்தி அரைச் செய்தியேயாம். கொழும்பில் அறிவிக்கப்பட்ட தொகைக்கும் சம்பள நாளில் கைக்கு வரும் தொகைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே பத்திரிகையாளன் தொழில்.

விரைவும் விற்பனையும் அத்தூரத்தை அளக்க நேரம் தருவதில்லை என்பது மெய்யே. ஆயினும், அளவாத செய்தி ஆள்வோர்க்கே துணையாகும். பிரட்டுக்களத்தில் நிற்கும் பெண், தன்னைப் பற்றிய செய்தியைப் பிறர் வாசிக்கக் கேட்டு, 'இது நடந்ததுதான்' எனத் தலையசைப்பாளாயின் அப்பத்திரிகை தன் கடமையைச் செய்ததாகும். அதற்கு மேலான சான்றிதழ் எந்த ஆசிரியர்க்கும் வேண்டுவதில்லை.