கானாவுக்குத் தாவும் அந்த நொடி

இந்த நையாண்டிப் பாடகரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கலவையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் கர்நாடக ராகம், கொஞ்சம் ராப், கொஞ்சம் கானா, நடுநடுவே நக்கல். பிடித்தவர் ‘கலக்கல்’ என்கிறார், பிடிக்காதவர் ‘துக்கடா’ என்று ஒதுக்குகிறார். இருவருமே காதைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவருடைய ஆட்டம் முழுக்க ஒரே முடிவில் இருக்கிறது: ராகத்தை விட்டு எந்த நொடியில் கானாவுக்குத் தாவுவது?

குடிசை அகற்றும் அறிவிப்பைப் பாடுகிறாரே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத் தமிழை ஒரு சொல்கூட மாற்றாமல் விருத்தமாக இழுக்கிறார். முகத்தில் சேட்டை கிடையாது, சுருதி இம்மியும் விலகாது. சபை புன்னகைக்கிறது. மிருதங்கம் நிற்கிறது, டோலக் எழுகிறது, விசில் பறக்கிறது, சிரிப்பு வெடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கைதட்டல் அடங்கும்வரை காத்திருப்பார்கள். இவர் காத்திருப்பதில்லை. அந்தச் சிரிப்புக்குள்ளேயே, மறுகுடியமர்வு என்று பெரும்பாக்கத்துக்கு லாரி ஏறும் கிழவியின் வீட்டைப் பாடத் தொடங்கிவிடுகிறார். கை அசைவு மாறாமல் கூக்ளி போடுவது போல. இரண்டாவது சுற்றில்தான் தாம் எதற்குச் சிரித்தோம் என்பது சபைக்கு உறைக்கிறது.

இதைத்தான் ‘முதலில் கருத்து, பிறகு காமெடி’ என்று எழுதுகிறார்கள். எனக்குக் கோபமே வருகிறது. கானா என்றாலே கூத்து என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கேட்டுப் பாருங்கள்: சாவு வீட்டில், இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி விடிய விடியப் பாடுவது மரண கானா. ஆக, கேலி முழுக்க விருத்தத்தில் முடிந்துவிட்டது. டோலக் எழும்போது அவர் துக்கத்துக்கு வந்துவிட்டார்.

இந்த வித்தைக்கு நம்மிடம் பரம்பரை உண்டு. 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தின் கிந்தனார் காலட்சேபத்தைக் கேளுங்கள். நந்தனார் கதையின் அச்சில், படிக்கத் துடிக்கும் சிறுவனின் கதை. காலட்சேபத்தின் இலக்கணம் துளியும் பிசகாததால்தான் அது இன்றும் குத்துகிறது. ராகத்தைக் கோணலாகப் பாடி சிரிப்பு வாங்கும் இன்றைய கூட்டத்துக்கு இது புரிவதேயில்லை. நையாண்டிக்கு முதல் தகுதி சுத்தமான சாரீரம்.

நக்கலால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒன்று. 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச நச்சுக்கு எதிராகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2015-இல் ஒரு பிரபல அமெரிக்க ராப் மெட்டில் அமைந்த கேலிப்பாட்டு அந்த வழக்கை உலகத்தின் காதில் போட்டது. அடுத்த ஆண்டே 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. போராட்டம் அவர்களுடையது. ஆனால் மெட்டு இல்லாமல் அது அவ்வளவு தூரம் போயிருக்காது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். வரும் மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கத்துச் சபா ஒன்று அவருக்கு மாலைக் கச்சேரியே தரும். மதிய வேளையில் ஒதுக்கும் காலம் முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தாவலை நாலு பேர் நகலெடுப்பார்கள். கானாவில் ஜோக்கை வைத்துக் கெடுப்பார்கள். அவருடைய சபையோ அதற்குள் பழகியிருக்கும்; டோலக் எழுந்ததும் அழத் தயாராக உட்கார்ந்திருக்கும் சபையிடம் அந்தத் தாவல் செல்லாது. அவர் அதைக் கைவிடுவார், கைவிடவும் வேண்டும்.

பிறகு வில்லுப்பாட்டுக்கு வருவார் என்பது என் கணிப்பு. அங்கே ஒவ்வொரு வரிக்கும் ‘ஆமா’ போட ஒருவர் இருக்கிறார். அறிவிப்பை வாசிப்பவர் அண்ணாவி, ‘ஆமா’ போட மறுத்துக் குறுக்குக் கேள்வி கேட்பவர் பக்கப்பாட்டுக்காரர் என்று வைத்தால், தாவலே தேவைப்படாது. குடமும் உடுக்கையும் கைவசமுள்ளவர்கள் நாகர்கோவில் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சீசன் முடிவதற்குக் காத்திராமல் அவர் இப்போதே அங்கே ரயிலேற வேண்டும்.