பிள்ளை தூங்கும் வரை

திண்டுக்கல் நாகல் நகரில் முப்பது வருஷமாகப் பாட்டு வகுப்பு எடுக்கும் என் சித்திக்கு ஒருநாள் ‘வெண்பா’ என்ற வீடியோ கேமை விளையாடிக் காட்டினேன். 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்ப் பெண் ஒருத்தி, அம்மாவின் கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றாக மீட்கிறாள். சமைக்கத் தொடங்கினால் வானொலியில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கும். பழைய திரையிசையின் சாயலில், இந்த கேமுக்கென்றே செய்த பாடல்கள். சித்தி புட்டுக்குழலை நிரப்ப எனக்கு வழி சொல்லிக்கொண்டே தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும் கேட்டார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா கச்சேரி மாதிரி இதை யாரு உக்காந்து கேப்பா?”

உட்கார்ந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் கிளாசிக் எஃப்எம் வானொலி நேயர்களிடம் வாக்குக் கேட்டு ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில், 2012இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேமின் ‘ஏரித்’ இசை பதினாறாம் இடம் பிடித்தது. (கதையின் நடுவில் கொல்லப்படும் பெண்ணுக்கான இசை அது. செத்த பெண்ணுக்கு உருகுவதில் செவ்வியல் ரசிகர்கள் எப்போதும் தாராளம்.) அதே வானொலி 2017இல் கேம் இசைக்கென ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, இசையமைப்பாளர் ஜெசிக்கா கர்ரியிடம் ஒப்படைத்தது. 2022 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் விழாவின் முதல் கேம் இசைக் கச்சேரி நடந்தது. 2023இல் கேம் இசைக்கென்று கிராமி விருது தனிப் பிரிவு கண்டபோது, முதல் விருது ஸ்டெஃபனி எகோனமு என்ற பெண்ணுக்குப் போனது.

மகிழ்ச்சிதான். ஆனால் கேம் இசையை மேடைக்கு ஏற்றும்போது அதன் எந்தப் பகுதி கீழேயே நின்றுவிடுகிறது?

யோகோ ஷிமோமுரா ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ படித்து 1988இல் கேப்காம் நிறுவனத்தில் சேர்ந்தவர். 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இசையில் பெரும்பகுதி அவருடையது. நம் ஊர் வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு ஆடிய அண்ணன்களுக்கு அந்த மெட்டுகள் மனப்பாடம். அவற்றைப் போட்டது ஒரு பெண் என்பது தெரியாது. அந்த இசை எப்போது முடியும் என்பது போட்டவருக்கே தெரியாது. சண்டை முடியும்வரை சுற்றிச் சுற்றி வரவேண்டும், முடிவும் தொடக்கமும் ஒட்டின தடம் தெரியக்கூடாது. ஆடுகிறவர் தோற்கும் நிலைக்கு வந்தால் வேகம் கூடும். ராயல் ஆல்பர்ட் ஹாலில் இவருடைய ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ இசையும் ஒலித்தது. அங்கே அதற்கு ஒரு முடிவு இருந்தது, பிறகு கைதட்டல்.

இப்படிச் சுற்றி வருகிற, எதிரில் இருப்பவருக்கு ஏற்ப மாறுகிற இசை நமக்குப் புதிதல்ல. தாலாட்டு அப்படித்தான். பிள்ளை தூங்கும்வரை பாடவேண்டும். சிணுங்கினால் இன்னொரு மாமன் சீர் கொண்டு வருவார், கண் சொருகினால் குரல் இறங்கும். பாடுகிறவளின் கை தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும். நடவுப் பாட்டும் வயலின் நீளத்துக்குத்தான். வேலையோடு ஒட்டிய இந்தப் பாட்டுகளை நாம் ‘நாட்டார்’ என்று தனியே வைத்தோம். வேலையிலிருந்து பிரித்து உட்கார்ந்து கேட்பதைச் ‘செவ்வியல்’ என்றோம்.

அந்தச் செவ்வியல் மேடையும் பெண்களை எப்படிச் சேர்த்துக்கொண்டது என்பது தெரிந்த கதை. சதிர் மேடையேறிப் பரதநாட்டியம் ஆனபோது, தலைமுறையாக ஆடிவந்த பெண்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி, சங்கீத கலாநிதி பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, பக்கத்து மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கொடுக்க 1968 ஆனது. ஆகவே ‘கேம் இசையையும் சபாவில் ஏற்றுங்கள்’ என்று மனுப் போட எனக்குத் தயக்கம். கேட்கும் பழக்கத்தை மாற்றாமல் பட்டியலை மட்டும் நீட்டினால், நுழைகிற இசைதான் தன்னை வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

‘வெண்பா’ எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். சமைக்கிற கையோடு சேர்த்துத்தான் அதன் இசையைக் கேட்கமுடியும். ஆல்பமாகத் தனியே கேட்டேன், பாதி போய்விட்டது. குறையும் உண்டு. பாட்டை முழுக்க வானொலியிடம் கொடுத்துவிட்டார்கள். மாவு கரைத்துக்கொண்டே தனக்குள் முணுமுணுக்கும் பெண்ணை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். அந்தக் குரலைத்தான் நான் அந்த அடுப்படியில் எதிர்பார்த்தேன். திரையிசைச் சாயல் இனிமை. ஆனால் சித்தி போன்றவர்கள் “சினிமாப் பாட்டு மாதிரி” என்று சொல்லிக் கடந்துபோக அதுவே வசதியாகவும் ஆகிவிடுகிறது.

சித்தியின் வகுப்பில் சரளி வரிசை, கீர்த்தனை, வர்ணம் எல்லாம் உண்டு. பேரனைத் தூங்கவைக்க அவர் பாடுகிற தாலாட்டு இல்லை. அதையும் சொல்லிக்கொடுக்கலாமே என்றேன். “அதை எங்கே நிறுத்தச் சொல்லிக் கொடுக்கிறது?” என்றார்.