ஆயாவுக்கு 'ஷீ' போடலாமா?

எதிர்வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் ஒரு லீவு லெட்டரோடு வந்தாள். வகுப்பில் பயிற்சியாக எழுதியது. 'மை கிராண்ட்மதர் இஸ் சிக். தே ஆர் இன் ஹாஸ்பிடல்' என்று இருந்தது. 'தே'யைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் 'எத்தனை பாட்டி?' என்று ஒரு கேள்வி. அதை வாசித்துக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது.

"ஷீ போடணும்னு எனக்கும் தெரியும்ணா. ஆனா ஆயாவப் போயி அவ இவன்னு எப்படி எழுதறது?" என்றாள்.

அவளுடைய இலக்கணக் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். பிரதிப்பெயர்களுக்கு ஓர் அட்டவணை: ஐ – நான், வி – நாம், யூ – நீ, ஹீ – அவன், ஷீ – அவள், தே – அவர்கள். மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் அதில் ஆயாவுக்கு இடமில்லை. எழுத்தில் ஆயா 'அவர்'. அந்தச் சொல்லே அட்டவணையில் இல்லை. பேச்சில் 'அவங்க', அதற்கு நேராகக் கிடைப்பது 'தே' மட்டும். கையேடு சொன்னபடிதான் அவள் எழுதியிருக்கிறாள்.

ஒருவரைப் பன்மையில் சொல்வது நமக்கு நேற்று வந்த பழக்கமல்ல. அது வழக்கில் உண்டான உயர்வுச் சொல், இலக்கண முறை அன்று என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. ஆங்கிலமும் இந்த வழியில் நடந்த மொழிதான். ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட ஒருமைக்கு 'தௌ' இருந்தது. 'யூ' முதலில் பன்மை. பிறகு மரியாதைக்காக ஒருவருக்கும் வந்து, கடைசியில் 'தௌ'வையே தள்ளிவிட்டது. ஒரே ஆள் எதிரில் நின்றாலும் 'யூ ஆர்' என்றுதானே சொல்கிறோம்? அந்த 'ஆர்' பழைய பன்மையின் மிச்சம். புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் பெரியவர் ஒருவரைப் பன்மைச் சொல்லான 'வூ' போட்டுத்தான் அழைக்க வேண்டும்.

அப்படியானால் அவள் எழுதியது சரியா? இல்லை. ஆங்கிலம் மரியாதைப் பன்மையை முன்னிலையோடு நிறுத்திக்கொண்டது, படர்க்கைக்குக் கொண்டுபோகவில்லை. ஒருவரைக் குறிக்க 'தே' வருவதுண்டு. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது வரும். அந்த இரண்டு அடையாளத்துக்குள்ளும் அடங்காதவருக்கும் வரும். 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. ஆனால் மரியாதைக்காக வருவதில்லை. ஆகவே சிவப்பு வட்டம் சரி. ஓரத்துக் கேள்விதான் தப்பு. அந்தப் பெண் எண்ணிக்கையில் தவறவில்லை, மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்திருக்கிறாள்.

'ஷீ – அவள்' என்ற வரிதான் எல்லாவற்றுக்கும் மூலம். 'ஷீ' என்பது அவள், அவர், அவங்க மூன்றும் சேர்ந்தது. அதில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. 'வி' என்பதும் அப்படித்தான்: நாம், நாங்கள் இரண்டும் அதில் அடக்கம். 'முருகன் தன் சைக்கிளை எடுத்தான்', 'முருகன் அவன் சைக்கிளை எடுத்தான்' என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'ஹிஸ்'தான். யார் சைக்கிள் என்பதை முன்பின் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் தடுமாறுகிற இடங்கள் இவை. கையேடு இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

முதலாம் ராஜாதிராஜன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று திருபுவனையில் இருக்கிறது. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றியது. இலக்கணமும் அங்கே ஒரு பாடம். அப்படிப்பட்ட ஊரில் புழங்கும் கையேட்டில் நாலு வரி கூடுதலாகச் சேர்ப்பது பெரிய காரியமில்லை.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். 'தே ஆர்' என்பதை அடித்துவிட்டு 'ஷீ இஸ்' என்று எழுதினாள்.

"அப்ப டீச்சருக்கும் ஷீதானா?"

"ஆமா."

அதற்குத்தான் கொஞ்சம் சிரித்தாள்.