காரமும் மூலமும்: ஒரு கலைச்சொல் முரண்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில், அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள்கள் அனைத்தும் 'காரம்'. அவற்றுள் நீரில் கரைவன 'எரிகாரம்'. இலங்கைப் பாடநூல்களிலோ முன்னது 'மூலம்', பின்னதே 'காரம்'. கடல்கடந்து நூல் பயில்வோர்க்கு வகைப்பாடே குழம்பிவிடுகிறது.

சொல்வரலாறு இலங்கை வழக்கின் பக்கமே நிற்கிறது. காரம், 'க்ஷாரம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது. தாவரச் சாம்பலிலிருந்து பெறும் அரிக்கும் உப்பை அது குறித்தது. அரபு வழியில் ஐரோப்பா பெற்ற 'அல்கலி'யும் சாம்பற்சொல்லே. 'பேஸ்' அவ்வாறன்று: அமிலத்தோடு கூடி உப்பு உருவாக அடித்தளமாவது என்னும் கருத்தில் 1754இல் பிரெஞ்சு வேதியியலார் ரூயேல் வகுத்தது. 'மூலம்' அக்கருத்தைத் தாங்குகிறது. நீரில் கரையாத காப்பர் ஆக்சைடைக் 'காரம்' என்பது தாங்கவில்லை. மிளகாயின் உறைப்பும் தமிழ்நாட்டில் காரமே என்பது வேறு. எனினும், தனிமத்தை 'மூலகம்' என்னும் இலங்கை வழக்கில் 'மூலம்' அதனோடு மயங்கக்கூடும்.