சமயக் கதையும் திறனாய்வு நெறியும்

இறையுணர்வை ஊட்டும் நோக்குடன் எழுதப்பெறும் கதை நூல்களை அளப்பதில் இருவகைப் பிழைகள் தமிழில் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. கோட்பாடு பிசகாதிருந்தால் போதும், கதை நன்று என்பார் ஒரு சாரார். சமயம் பேசுகின்றது என்ற ஒரே காரணத்தால், படியாமலே ‘பிரசாரம்’ என ஒதுக்குவார் மற்றொரு சாரார். முன்னவர் கதையைக் காண்பதில்லை. பின்னவர் நூலையே காண்பதில்லை. இருவருக்கும் இடையே நின்று, சமயக் கதையைக் கதையாகவும் சமயமாகவும் ஒருங்கே மதிப்பிடும் நெறி யாது என்பது ஆராய்தற்குரியது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களில் தமிழில் வழிபாடு நிகழ்த்தும் கிறித்தவச் சபைகள் உள்ளன. அவற்றைச் சார்ந்த குடும்பங்களுக்குத் தமிழ்க் கதை நூல் வெறும் பொழுதுபோக்கன்று. தாய்மொழியையும் நம்பிக்கையையும் ஒருசேரப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் வாயில். பல சமயப் பிள்ளைகள் ஒன்றாய் அமர்ந்திருக்கும் வகுப்பில் நிற்கும் தமிழாசிரியர்க்கோ பொறுப்பு இன்னும் பெரிது. எந்த நூலைத் துணிந்து கொடுக்கலாம், எதனைத் தவிர்க்கலாம் என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

கிறித்தவ நோக்கில் தமிழ் நூல்களை மதிப்பிடும் முயற்சி புதிதன்று. ஜான் மர்டாக் என்பார் 1865-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியல், நூல்களை வகைப்படுத்தியதோடு குறிப்புகளும் தந்தது. மிஷனெரிப் பணியின் தேவைக்காகத் தொகுக்கப்பட்ட அந்நூல், அக்கால அச்சு வரலாற்றை அறிவதற்கு இன்றும் கருவியாய் உதவுகிறது. ஆயினும் பணிக்குப் பயன்படுமா என்று கேட்பது வேறு. இலக்கியமாக நிற்குமா என்று கேட்பது வேறு. முதல் வினாவோடு நின்றுவிடுவது திறனாய்வு ஆகாது.

தமிழின் முதல் நாவலை எழுதியவரே கத்தோலிக்கர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. நீதியைப் புகட்டுதலும் தெய்வ பக்தியை வளர்த்தலும் அவர்தம் நோக்கங்கள். அங்ஙனமாயினும் கதைமாந்தரைக் கிறித்தவராக்க அவர் முனையவில்லை. முதலியார் குடும்பம் ஒன்றன் வாழ்வைச் சொல்லி, எச்சமயத்தாரும் ஏற்கும் கடவுள் நம்பிக்கையை அதனுள் இழைத்தார். ‘சத்திய வேத கீர்த்தனை’ பாடிய அவரே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யும் பாடியவர் அன்றோ!

அந்நாவலில் குறை இல்லை என்பதற்கில்லை. மாந்தர் அடிக்கடி கதையை நிறுத்திவிட்டு அறவுரை ஆற்றத் தொடங்குகின்றனர். ஞானாம்பாள் குறையே இல்லாத நிறைகுடம். எனினும் செல்வச் செருக்கால் படிக்க மறுக்கும் சிறுவன் பிரதாபன், தன்னையே நகையாடித் தன் கதையைச் சொல்லும் இடங்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. ஆசிரியர் அறத்தை உரையாகச் சொன்ன பக்கங்கள் மூத்துப்போயின. அறத்தை மாந்தரின் இயல்பிலும் நகைச்சுவையிலும் கரைத்த பக்கங்கள் இளமை மாறாதிருக்கின்றன. திறனாய்வாளர்க்கு இவ்வேறுபாடு முதற்பாடம்.

அடுத்து நோக்கத்தக்கது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆன்மப் பயணக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்கள் கொண்ட காப்பியமாக 1894-இல் இது வெளிவந்தது. வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் கிருஷ்ணபிள்ளை. கம்பனிடம் பயின்ற நாவினைப் புதிய நம்பிக்கைக்காக அவர் துறக்கவில்லை. அந்நாவினாலேயே கிறிஸ்துவின் பாடுகளைப் பாடினார். மதம் மாறியவர் மரபையும் விட்டவராவர் என்னும் எண்ணத்திற்கு அக்காப்பியமே மறுப்பு.

மூலக் கதையின் வலிமை எங்குள்ளது என்பதையும் காண்டல் வேண்டும். அப்பயணி பிழையே செய்யாத அடியவன் அல்லன். எளிய வழியென்று மயங்கி நெறி தவறுகிறான். அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்படுகிறான். உயிரை மாய்த்துக்கொள்ளலாமோ என்னும் எல்லை வரை தளர்கிறான். விடுதலைக்குரிய திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது அதன் பின்னரே அவன் நினைவுக்கு வருகிறது. இருளை இருளாகக் காட்டத் துணிந்தமையாலேயே அந்நூலின் ஒளி நம்பத்தக்கதாயிற்று. பாவியாகிய மனிதனைப் பற்றிப் பாவமே படாத இலக்கியம் படைத்தல் இயலாது என்னும் கருத்தை, பின்னாளில் கார்டினலான நியூமன், பல்கலைக்கழகக் கல்வி பற்றிய தம் பேருரைகளில் வற்புறுத்தினார். பனியன் கதை அதற்குச் சான்றாக நிற்கிறது.

மதமாற்றத்தைப் பொருளாகக் கொண்ட கதைகளில் இன்னொரு சோதனை எழுகிறது. கிருபாபாய் சத்தியநாதனின் ஆங்கிலப் புதினமாகிய ‘சகுணா’ 1887–88-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. கணவன் மதம் மாறியபோது மனைவி ராதை உற்ற துயரை அது மறைக்கவில்லை. உறவும் ஊரும் பிரிந்த வேதனை, நம்பிக்கையின் மகிழ்ச்சிக்கு இடையூறு எனக் கருதி அழிக்கப்படவில்லை. 1915-இல் அ. மாதவையா எழுதிய ‘கிளாரிந்தா’ மற்றொரு வியப்பு. 1778-இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றுப் பாளையங்கோட்டைத் திருச்சபைக்கு வித்திட்ட பெண்மணியின் கதையை, அச்சமயத்தைத் தழுவாத ஒருவர் பரிவோடு புதினமாக்கினார். நம்பிக்கையைக் கதையில் உண்மையாகக் காட்ட, ஆசிரியர் அந்நம்பிக்கையினராகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி இதனால் தளர்கிறது.

கிறித்தவ வாசகர்க்கு அளவுகோல் தேடி வெளியே செல்ல வேண்டியதில்லை. திருமறையே அதனைத் தருகிறது. யோபுவின் நண்பர்கள் பேசியவை பெரும்பாலும் பக்தி நிறைந்த சொற்களே. துன்புற்றவனுக்கு ஆயத்தமான விடை கூறிய அவர்களையே இறைவன் கடிந்துகொண்டார். முறையிட்டு வாதாடிய யோபுவை ஏற்றுக்கொண்டார். கெட்டுப்போன மைந்தன் கதையில் மூத்த மகன் வீட்டிற்கு வெளியே நிற்கிறான்; தந்தை வந்து வேண்டுகிறார்; அவன் உள்ளே சென்றானா என்பது சொல்லப்படவில்லை. நல்ல சமாரியன் உவமையிலோ அறம் செய்தவன் கேட்போரின் இனத்தான் அல்லன். துயருக்கு அவசர விடை கூறாமை, முடிவை வாசகனின் மனச்சான்றுக்கு விடுதல், அயலானின் நன்மையை ஒப்புதல் என்னும் மூன்றும் இவற்றினின்று பெறப்படும்.

இம்மூன்றையும் கொண்டு பார்க்குங்கால், பக்திக் கதைகள் பலவற்றின் தளர்ச்சி எளிதில் புலனாகும். குடிகாரத் தந்தை ஒரே இரவில் திருந்துகிறார். ஒரு செபத்தில் கடன் தீர்கிறது. நம்பாத அண்டை வீட்டார் தீயவராகவே வந்து தீயவராகவே போகின்றனர். இத்தகைய கதை துன்புறுவோனுக்கு ஆறுதலும் ஆகாது. செபித்தும் கடன் தீராத வீட்டில் அதனைப் படிக்கும் பெண், தன் நம்பிக்கையே குறையுடையதோ என்று கலங்குவாள். இது கலைக்குறை மட்டுமன்று, அன்பிலும் குறை. வேற்றுச் சமய மாணவனோ, தன் தாய் தந்தையர் கதையில் இழிவாகக் காட்டப்படுவதைக் கண்டு நூலை மூடிவிடுவான்.

சமயப் பற்றும் இலக்கிய நேர்மையும் ஒருவரிடமே நிலவக்கூடும் என்பதற்குக் கோலாலம்பூரிலேயே சான்று உண்டு. கத்தோலிக்கக் குருவாகிய தனிநாயக அடிகள் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைக்குத் தலைமை தாங்கினார். முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் இந்நகரில் கூட முதற்காரணராய் இருந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்த அவர், தம் சமயத்திற்குச் சான்று கூறுமாறு அப்பாடல்களை வற்புறுத்தவில்லை. பாட்டு தன் குரலில் பேச இடம் தந்தார். கதை நூலுக்கும் மதிப்புரை எழுதுவோர் செய்யத்தக்கது அதுவே.

சமயக் கதையைக் கையிலெடுக்கும் ஆசிரியரும் மதிப்புரையாளரும் கோட்பாட்டைக் கேட்பதில் தவறில்லை; அதனோடு நின்றுவிடுவதே தவறு. மாந்தரின் வீழ்ச்சி மெய்யானதா, மாற்றத்திற்கு அவர்கள் கொடுத்த விலை சொல்லப்பட்டதா, மாறாதவர்க்கும் மதிப்பு அளிக்கப்பட்டதா என்றும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களுக்கு நிற்கும் நூலைக் கிள்ளான் சபையிலும் படிக்கலாம். பல சமயத்தார் பயிலும் வகுப்பிலும் படிக்கலாம். நில்லாத நூலை, நல்ல நோக்கத்துடன் எழுதியது என்பதற்காகப் பாராட்டுவது ஆசிரியர்க்கும் உதவாது, வாசகர்க்கும் உதவாது.