கீழ்த்தளத்தில் காது வைத்த படம்

ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய 'காஸ்ஃபோர்ட் பார்க்' (2001) படத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: யார் யாரென்றே புரியவில்லை. புகார் நியாயமானது. 1932 நவம்பர். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு மாளிகை. வார இறுதி வேட்டை விருந்து. கார் காராக விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். அவர்களுடன் வந்த பணிப்பெண்களும் உதவியாட்களும் பின்வாசல் வழியாக நுழைகிறார்கள். மாளிகைக்கென்று இருக்கும் வேலையாட்கள் வேறு ஒரு தனிப்படை. முதல் அரை மணி நேரத்துக்குள் முப்பது முகங்களாவது கடந்துபோகின்றன. இன்னார் இன்னாருக்கு என்ன உறவு என்று யாரும் நின்று விளக்குவதில்லை. ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறி விழுகிறது. பெண் வீட்டாரையும் தெரியாமல் மாப்பிள்ளை வீட்டாரையும் தெரியாமல் கல்யாண மண்டபத்துக்குள் வந்துவிட்டவரின் நிலைதான் நமக்கு.

இந்தத் திணறலை ஆல்ட்மன் வேண்டுமென்றே, மிகுந்த நுட்பத்தோடு கட்டியிருக்கிறார். படத்தின் விடையே அதற்குள்தான் இருக்கிறது. அதை விளக்கக் கொலையாளி யார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கலாம். தெரிந்துகொண்டு பார்த்தாலும் நஷ்டமில்லை; இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இந்தப் படம் முழுதாகத் திறக்கிறது.

கூட்டம் நிறைந்த கொலைக் கதையை எளிதாகச் சொல்லவும் வழி உண்டு. சிட்னி லூமெட் 1974-இல் எடுத்த 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' அதற்கு நல்ல உதாரணம். அதிலும் ஒரு ரயில் பெட்டி நிறைய ஆட்கள். ஆனால் இஸ்தான்புல்லில் ஒவ்வொருவராக ரயில் ஏறும்போதே முகம் மனதில் பதிய நேரம் தருகிறார் லூமெட். கொலைக்குப் பிறகு துப்பறிவாளர் பொய்ரோ ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து உட்காரவைத்து விசாரிக்கிறார். ஒரு முகம், ஒரு குரல், ஒரு சந்தேகம், பிறகு அடுத்தவர். கடைசியில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி விடையைச் சொல்லிவிடுகிறார். நாம் துப்பறிவாளரைக் கவனித்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். ஆல்ட்மனின் படத்தில் நமக்காகப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

மேல்மாடி மனிதர்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். விருந்து கொடுப்பவர் சர் வில்லியம் மெக்கார்டல், தொழிற்சாலை வைத்துப் பணம் சேர்த்தவர். மனைவி லேடி சில்வியா, பிரபு குடும்பத்துப் பெண். அவருடைய சகோதரிகள், சகோதரிகளின் கணவர்கள், அத்தை ட்ரென்தம் சீமாட்டி. இவர்களில் பாதிப்பேருக்கு வில்லியமின் பணம் வேண்டும். அத்தைக்கு அவர் தரும் படி நின்றுவிடக்கூடாது. சகோதரியின் கணவர் ஒருவருக்கு சூடானோடு செய்யப்போகும் வியாபாரத்துக்கு முதல் வேண்டும். இன்னொரு விருந்தாளிக்கு வேலை. ஆக, கொல்லக் காரணம் எல்லோருக்கும் உண்டு. இதற்கு மேல் பெயர்களை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம் என்பேன். பெயர்களைத் துரத்துகிறவர் படத்தைத் தவறவிடுவார்.

பிடித்துக்கொள்ள வேண்டிய கை மேரியுடையது. கெல்லி மெக்டொனால்ட் நடித்திருக்கும் இந்த ஸ்காட்லாந்துப் பெண், ட்ரென்தம் சீமாட்டியிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். படத்தின் தொடக்கத்திலேயே கொட்டும் மழையில் கார் நிற்கிறது. சீமாட்டியால் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறக்க முடியவில்லை. அதைத் திறந்து தருவதற்காக மேரி முன்னிருக்கையிலிருந்து இறங்கி மழையில் நனைந்தபடி நிற்கிறாள். சீமாட்டி உள்ளே உலர்ந்த இருக்கையில் இருக்கிறார். அதட்டலும் இல்லை, கொடுமையும் இல்லை. நனைவது ஒருத்தியின் வேலை, குடிப்பது இன்னொருவரின் வழக்கம், அவ்வளவுதான். இந்தப் படத்தில் எதை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு ஃபிளாஸ்க் மூடியை வைத்தே சொல்லிவிடுகிறார் ஆல்ட்மன்.

மாளிகைக்குள் நுழைந்ததும் குழப்பம் இரட்டிப்பாகிறது. வெளியிலிருந்து வரும் வேலையாட்களைச் சொந்தப் பெயரால் கூப்பிடும் வழக்கம் கீழ்த்தளத்தில் இல்லை. முதலாளியின் பெயர்தான் அவர்களுக்கும். மேரி இனி மிஸ் ட்ரென்தம். ஸ்டாக்பிரிட்ஜ் பிரபுவின் உதவியாளாக வந்திருக்கும் ராபர்ட் பார்க்ஸ் இனி மிஸ்டர் ஸ்டாக்பிரிட்ஜ். சாப்பாட்டு மேசையில் யாருக்கு எந்த நாற்காலி என்பதும் முதலாளியின் பட்டத்தைப் பொறுத்ததே. அதனால் ஒரே பெயர் மேலே ஒருவரையும் கீழே இன்னொருவரையும் குறிக்கிறது. முதல் முறை பார்ப்பவர் தலையைப் பிடித்துக்கொள்ளும் இடம் இது. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இந்த வழக்கத்தின் கனம் தெரிகிறது. பார்க்ஸ் என்ற பெயரில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. அந்தப் பெயரை வீட்டு வழக்கமே எடுத்து மூடி வைத்துவிடுகிறது. நாம் குழம்பிய அதே இடத்தில் தடயம் இருந்திருக்கிறது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆல்ட்மன் மற்ற இயக்குநர்களிடமிருந்து விலகி நிற்பது அங்கேதான். எழுபதுகளிலேயே பல தடங்களில் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்யும் முறையைத் தன் படங்களுக்காக அவர் வளர்த்தெடுத்தார். இருபத்துநான்கு முக்கியப் பாத்திரங்கள் கொண்ட 'நாஷ்வில்' (1975) அதன் பெரிய வெற்றி. 'காஸ்ஃபோர்ட் பார்க்'கிலும் நடிகர்கள் ஒவ்வொருவருக்கும் உடைக்குள் தனி மைக். மேசையின் இந்தக் கோடியில் பேசுகிறவரும் அந்தக் கோடியில் முணுமுணுப்பவரும் தனித்தனியே பதிவாகிறார்கள். எந்தப் பேச்சை உயர்த்துவது, எதை அரைகுறையாகக் காதில் விழவைப்பது என்பதெல்லாம் பிற்பாடு ஒலிக்கலவையில் முடிவாகிறது. படமெடுத்த முறையும் இதற்கு இணையானது. ஒளிப்பதிவாளர் ஆண்ட்ரூ டன்னின் இரண்டு கேமராக்கள் ஒரே நேரத்தில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். எது தன்னைப் பார்க்கிறது என்று நடிகருக்குத் தெரியாது. அதனால் தட்டேந்தி மூலையில் நிற்பவர்கூட அந்த ஆளாகவே வாழ்ந்தாக வேண்டும். மேகி ஸ்மித், மைக்கேல் கேம்பன், ஹெலன் மிர்ரன், ஐலீன் ஆட்கின்ஸ், ஆலன் பேட்ஸ், டெரக் ஜேக்கபி என்று ஆங்கில மேடையின் பெரிய நடிகர்கள் பலர் ஒரே கூரையின் கீழ் இப்படி நடித்தார்கள். ஜேக்கபி போன்றவருக்கு ஓர் உதவியாளின் சிறு வேடம்தான். எந்தக் காட்சியிலும் அவர் உடம்பில் அசட்டை இல்லை.

சப்டைட்டிலை நம்பிப் பார்க்கும் நம் ஊர்ப் பார்வையாளருக்கு இங்கே கூடுதல் சிரமம் உண்டு. பிரபுக்களின் ஆங்கிலம் ஒன்று, மேரியின் ஸ்காட்லாந்து ஆங்கிலம் வேறு, விருந்தாளியாக வந்திருக்கும் அமெரிக்க சினிமாத் தயாரிப்பாளரின் ஆங்கிலம் இன்னும் வேறு. நான்கு பேர் சேர்ந்து பேசும்போது திரையின் அடியில் ஓடும் எழுத்து ஒருவர் பேச்சைத்தான் காட்டும். மற்ற மூவரின் பேச்சு போய்விடும். எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தால் கதவோரம் யார் நிற்கிறார்கள் என்பதும் போய்விடும். முதல் முறை சப்டைட்டிலோடு பாருங்கள். அடுத்த முறை அதை அணைத்துவிட்டு முகங்களை மட்டும் பாருங்கள். எவ்வளவு புரிகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

இவ்வளவு இரைச்சலையும் ஆல்ட்மன் எதற்காகச் சேர்த்துவைத்தார் என்பது இரவு விருந்தில் தெரிகிறது. மேசையில் லேடி சில்வியா கணவரைக் குத்திப் பேசிக்கொண்டிருக்கிறார். பரிமாற நின்ற எல்சி என்ற பணிப்பெண் தன்னை மறந்து வில்லியமுக்காகப் பரிந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள். மேசை முழுக்கப் பேச்சு நின்றுபோகிறது. அதுவரை ஓயாமல் ஓடிய பேச்சொலி சட்டென்று அற்றுப்போனதும் நமக்கும் வயிறு கலங்குகிறது. அந்த ஒரு வாக்கியத்தோடு எல்சியின் வேலை போயிற்று. வில்லியமுக்கும் அவளுக்கும் இருந்த உறவும் ஊரறிய வெளிவந்துவிட்டது. எல்சியாக நடிக்கும் எமிலி வாட்சன் ஒரு கணம் கண்ணை விரித்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறுவதை நான் எத்தனை முறையும் பார்ப்பேன்.

வேலையாள் ஒருவராவது இல்லாத மேல்மாடிக் காட்சியைப் படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாம் கேட்கும் பேச்செல்லாம் அவர்கள் காதில் விழுந்த பேச்சு. இதைச் சரியாகச் செய்ய, அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் உண்மையாகவே பட்லராகவும் சமையல்காரராகவும் பணிப்பெண்ணாகவும் இருந்த மூன்று முதியவர்களை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார்கள். மேல்மாடிக் காட்சிகளில் பெரும்பகுதி ராதம் பார்க் என்ற நிஜ மாளிகையில் எடுக்கப்பட்டது. கீழ்த்தளம் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் போட்ட செட். கண்ணுக்கு அந்த ஒட்டு தெரியவே இல்லை.

கீழே நடக்கும் சாப்பாட்டுக் காட்சி ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெற்றோரும் இதே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று யாரோ கேட்க, மேசையைச் சுற்றிக் கைகள் உயர்கின்றன. பார்க்ஸிடம் கேள்வி வரும்போது, தான் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன் என்கிறான். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. கொலைக்கான காரணம் அங்கே சாப்பாட்டுக்கு நடுவே சொல்லப்பட்டாயிற்று. வெள்ளிச் சாமான்களில் ஒரு கத்தி குறைகிறது என்ற செய்தியும் இப்படித்தான் போகிறபோக்கில் வருகிறது. விஷம் என்று எழுதிய புட்டிகளைக் கேமரா திரும்பத் திரும்பக் காட்டுகிறது. எதையும் ஒளித்துவைக்கவில்லை.

வில்லியம் கொல்லப்படும் நேரத்தில் மேலே ஐவர் நொவெல்லோ பியானோ வாசித்துப் பாடுகிறார். நொவெல்லோ நிஜ மனிதர். ஹிட்ச்காக்கின் 'தி லாட்ஜர்' (1927) படத்தின் நாயகன், புகழ்பெற்ற இசையமைப்பாளர். ஜெரமி நார்தம் அவராக வருகிறார். கூடத்தில் இருக்கும் கனவான்களுக்கு அவர் சினிமாக்காரர், பாட்டு சீட்டாட்டத்துக்குப் பின்னணி. படிக்கட்டிலும் கதவிடுக்கிலும் இருட்டில் நிற்கும் வேலையாட்கள்தான் மெய்மறந்து கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யார் இல்லை என்று கவனித்திருக்க வேண்டும். பாட்டில் நாமும் மயங்கியதால் கவனிக்கவில்லை. ஒரு ஜோடி காலணிகள் மட்டும் நடந்துபோவதைக் காண்கிறோம்.

விசாரணைக்கு வரும் இன்ஸ்பெக்டர் தாம்சனுக்கு வேலையாட்களிடம் ஆர்வமில்லை. செத்தவரோடு உண்மையான தொடர்பு இருந்தவர்கள்தான் அவருக்கு வேண்டும். கூட வந்த கான்ஸ்டபிள் ஒவ்வொரு தடயமாகக் காட்ட, அவர் கண்டுகொள்வதே இல்லை. ஸ்டீபன் ஃப்ரை இந்த வேடத்தைக் கோமாளித்தனமாகச் செய்திருப்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது. அவர் சிரிக்கவைக்காமல், ஒரு சாதாரண அதிகாரியின் அலட்சியத்தோடு வந்திருந்தால் காட்சி இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

வில்லியம் இரண்டு முறை கொல்லப்பட்டவர். கத்தி பாய்ந்தது ஏற்கெனவே விஷத்தால் இறந்த உடம்பில். குத்தியவன் பார்க்ஸ். தன் தொழிற்சாலைப் பெண்களிடம் பிறந்த குழந்தைகளை நல்ல வீட்டில் சேர்ப்பதாகச் சொல்லி அநாதை இல்லங்களில் தள்ளிய வில்லியமின் மகன் அவன். விஷம் வைத்தவர் வீட்டு நிர்வாகத்தைக் கவனிக்கும் திருமதி வில்சன், அவனைப் பெற்றவர். மகன் கொலைகாரனாகக் கூடாது என்று அவர் முந்திக்கொண்டார். இதைப் போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. மேரி கண்டுபிடிக்கிறாள், யாரிடமும் சொல்வதில்லை. நல்ல வேலைக்காரிக்கு எஜமானருக்கு என்ன தேவை என்று அவருக்கே தெரிவதற்கு முன் தெரிந்திருக்கும் என்று வில்சன் மேரியிடம் விளக்கும் இடத்தில், ஹெலன் மிர்ரனின் குரலில் பெருமையும் வலியும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. ஒரு பெண்ணின் தொழில் திறமையே அவளுடைய தாய்மையின் ஆயுதமாகிவிட்டது.

ஆல்ட்மனுக்கு அப்போது எழுபத்தாறு வயது. காப்பீட்டுக்காக ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் மாற்று இயக்குநராகத் தயாராக வைக்கப்பட்டிருந்தார். அவரை அழைக்க வேண்டிய தேவை வரவில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றே ஒன்று பரிசாக மாறியது, ஜூலியன் ஃபெலோஸின் திரைக்கதைக்கு. இதே ஃபெலோஸ் 2010-இல் 'டவுன்டன் ஆபி' தொடரைத் தொடங்கினார். அதிலும் ஒரு மாளிகை, மேலும் கீழும் இரண்டு உலகங்கள், மேகி ஸ்மித்தும் உண்டு. ஆறு சீசன்களையும் யாரும் திணறாமல் பார்த்தார்கள், ஏனென்றால் அங்கே ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்கிறார். அதை விரும்பிப் பார்த்தவர்கள் திரும்பிவந்து 'காஸ்ஃபோர்ட் பார்க்'கைப் பார்க்க வேண்டும், இந்த முறை வில்சன் எந்த அறையில் நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு.