இஸ்லாமிய வங்கியியல் ஆய்வுகள்: விடுபட்ட வாடிக்கையாளர்

மலேசியாவில் இஸ்லாமிய வங்கியியல் சட்டம் 1983-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே பேங்க் இஸ்லாம் தொடங்கப்பெற்றது. அதன்பின் எழுந்த ஆய்வுகளுள் நாம் கண்டவை பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி நிற்கின்றன: இவ்வொப்பந்தம் ஷரியாவுக்கு உடன்பாடானதா? வினா இன்றியமையாததே. ஆயினும், கையொப்பமிடுபவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பது உரிய இடம் பெறவில்லை.

'பாய் பிதமான் அஜில்' முறையில், வாடிக்கையாளர் தாம் வாங்கும் வீட்டை வங்கிக்கு விற்பார். வங்கி இலாபம் சேர்த்து அவருக்கே தவணையில் திரும்ப விற்கும். வடிவம் பொருந்தினால் போதும் என்பது ஷாஃபி வழியினர் கருத்து. நோக்கத்தை முதன்மையாகக் கொள்வோர் இதனை வட்டியின் மாற்றுருவம் என்பர். 2008-இல் உயர் நீதிமன்றம் இஃது உண்மை விற்பனையன்று என்றது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

பின்னர்ப் பரவியது 'தவாருக்'. வங்கி ஒரு சரக்கை வாங்கி வாடிக்கையாளருக்குத் தவணை விலைக்கு விற்கும். அவர் சார்பில் அச்சரக்கு உடனே வேறொருவருக்கு விற்கப்பட, ரொக்கம் கிடைக்கும். 2009 ஏப்ரலில் ஷார்ஜாவில் கூடிய அனைத்துலக ஃபிக்ஹ் பேரவை, முன்னேற்பாட்டுடன் கூடிய தவாருக்கை மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புர்சா மலேசியா அதற்கெனவே 'சூக் அல்-சிலா' சந்தையைத் திறந்தது. அங்கு முதலில் கைமாறிய சரக்கு கச்சாச் செம்பனை எண்ணெய்!

கெடாவின் பாடாங் செராய் வட்டாரத்தை இங்கு எண்ணுதல் தகும். தோட்டங்களில் செம்பனைக் குலை சுமந்தோரின் பிள்ளை இவ்வகையில் வீட்டுநிதி பெறுவாராயின், தாம் காணாத எண்ணெய்க்குச் சிறிது நேரம் உரிமையாளர் ஆகிறார். வழக்கு எழுந்தால், ஷரியா குறித்த வினா பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றத்துக்குச் செல்லும். அதன் முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்னும் 2009-ஆம் ஆண்டுச் சட்டவிதியைக் கூட்டரசு நீதிமன்றம் 2019-இல் பெரும்பான்மைத் தீர்ப்பால் நிலைநிறுத்தியது. கையொப்பமிட்டவர் இந்துவாயினும் கிறித்துவராயினும் நிலை இதுவே. இவரை ஆய்வாளர் மறந்தது எவ்வாறு?

தமிழில் எழுதுவோரிடமும் குறையுண்டு. இவை அனைத்தையும் 'வட்டியில்லாக் கடன்' என்று எழுதிவிடுகிறோம். அத்தொடர் இலாபம் கருதாத 'கர்ள் ஹஸன்' கடனுக்கே பொருந்தும். இங்கு நிகழ்வது விற்பனை. விலையும் இலாபமும் உண்டு. தவணைக்கு முன்பே அடைப்பவர்க்கு வங்கி தரும் கழிவுக்கு 'இப்ரா' என்று பெயர். பெற்ற தொகையை மட்டும் கடனென எண்ணியவர், இலாபமும் சேர்ந்த விற்பனை விலையைக் கணக்குத்தாளில் கண்டு திகைப்பார். அவர்க்கு விளங்கும் ஒரு தமிழ்க் கலைச்சொற்பட்டியல் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவேனும் இடம்பெறலாம்.